சொந்த நாற்காலி அனுமதி இல்லை

விடுதி திறந்த அன்று காலை, பெட்டி படுக்கையோடு வந்த மாணவிகளுக்கு நடுவே ஒருத்தி மட்டும் கைப்பிடி வைத்த மர நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். வார்டன் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். பதினாறு வருஷமாக விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவள் அவள். மாணவிகள் முதுகுக்குப் பின்னால் அவளைச் ‘சட்டம்’ என்றுதான் சொல்வார்கள்.

“கட்டில், மேசை, நாற்காலி எல்லாம் இங்கயே குடுக்குறோம். சொந்தச் சாமான் ஒண்ணும் உள்ள வரக்கூடாது. படிச்சுட்டுத்தானே கையெழுத்துப் போட்ட?”

“இது எங்க அம்மாவோடது மேடம். அவங்க இப்ப இல்ல. ரூம்ல ஒரு மூலையில போட்டுக்கறேன். நான்கூட உட்கார மாட்டேன்.”

“உட்காராத நாற்காலி எதுக்கு? கண்காட்சி வெக்கவா?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பெண்ணின் முகம் சுண்டிப்போனது.

“அப்ப பூட்டி வெச்சுடுங்க மேடம். யாரும் அதுல உட்கார வேணாம்.”

நேற்று வந்தவள் எனக்கு உத்தரவு போடுவதா? வார்டனுக்குச் சுருக்கென்றது. நாற்காலியைத் தன் அறைக்குக் கொண்டுவரச் சொன்னாள். அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

இருக்கை சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல.

வெயிலில் வந்த சாமான், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள். மறுநாள் விடியற்காலையிலிருந்தே மழை. அறையைத் திறந்தபோது உள்ளே வலித் தைலமும் ஈரத்துணியும் கலந்த நோயாளி வாடை. கை தயங்கித் தயங்கி இருக்கையைத் தொட்டது.

சூடு.

நாற்காலியைச் சாமான் அறையில் போட்டுப் பூட்டினாள். திரும்பி வந்து தன் பழைய இரும்பு நாற்காலியில் உட்காரப் போனவள் பாதியிலேயே நிமிர்ந்தாள்.

அதுவும் சூடு.

மூன்று நாள் நின்றுகொண்டே வேலை பார்த்தாள். சாப்பாட்டுக்கூடத்தில் எந்த பெஞ்சில் கை வைத்தாலும் யாரோ உட்கார்ந்திருந்த வெப்பம். கால்கள் வீங்கிப் போயின. நாலாம் நாள் காலை அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள்.

“அதை எடுத்துட்டுப் போ. உன் ரூம்லயே வெச்சுக்க. விதியெல்லாம் நான் பார்த்துக்கறேன்.”

பெண் அசையவில்லை.

“நீங்க உட்கார்ந்துட்டீங்களே மேடம்.”

“உங்க அம்மா…” வார்டன் தன் நாற்காலியை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். “எப்படிப்பட்டவங்க?”

“அவங்க எடத்துல வேற ஆளு உட்கார்ந்தா சும்மா விட மாட்டாங்க. போன மாசம் சித்தி உட்கார்ந்தாங்க.”

“அப்புறம்?”

பெண் தரையைப் பார்த்தாள். “அதான், இனிமே இது வீட்ல இருக்க வேணாம்னு அப்பா சொல்லிட்டாரு.”

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவள் வராந்தாவில் போவதை வார்டன் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வராந்தா முனையில் அந்தப் பெண் நின்றாள். அங்கிருந்தே வார்டனின் அறைப் பக்கம் திரும்பி, “வாங்கம்மா,” என்று மெல்லக் கூப்பிட்டாள்.

காத்திருந்தாள்.

பிறகு தனியாகவே போனாள்.

வார்டன் இரும்பு நாற்காலியைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. அப்பாடா என்று அதில் விழுந்தாள். மழை விட்டு, வெளியே வெயில் பளிச்சென்று அடித்தது. சாப்பாட்டு மணி கேட்டதும் எழப் போனாள்.

இரண்டு தோள்களிலும் கனமாக ஏதோ அழுந்தியது.

“இரு,” என்றது காதோரம் ஒரு பெண்குரல். “நான் சொன்னப்புறம் எந்திரி.”