நான் தொட்ட இடமெல்லாம்

என் கணவரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தபோது, நான் எக்ஸ்ரே அறை வாசலில் நின்று அவரைப் பற்றித்தான் தலைமை நர்ஸிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். பகல் பதினொன்றரை மணி. நீள வராந்தாவில் பினாயில் வாடை. பெஞ்சில் நாலைந்து நோயாளிகள் சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"கல்யாணமாகி ஏழு வருஷம், அதுல ஆறு வருஷமாச்சு சிஸ்டர். அவர் சுண்டு விரல்கூட என் மேல படல. அவர் ஒரு ரூம், நான் ஒரு ரூம். இன்னிக்குச் சாயங்காலம் சொல்லிடப் போறேன், நான் கிளம்பறேன்னு."

"நானா இருந்தா ஆறு மாசத்துலயே பெட்டியைத் தூக்கியிருப்பேன். நீ என்ன கல்லா, மரமா?" என்றார் அவர்.

அப்போதுதான் அந்த வண்டி வளைவில் திரும்பியது. முகம் முழுக்க ரத்தம். செருப்பைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் கண்டேன்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவரோடு வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் கூடவே ஓடிவந்து விவரம் சொன்னார்.

"உள்ளே தனியாத்தான் இருந்தார் அக்கா. மூணாவது மாடிக்கும் நாலாவதுக்கும் நடுவுல நிறுத்திட்டு வேலை பார்த்துட்டிருந்தார். திடீர்னு தடதடன்னு சத்தம். கதவை நெம்பித் திறக்கறதுக்குள்ள இந்தக் கோலம்."

"லிஃப்ட் விழுந்துடுச்சா?"

"ஒரு அங்குலம்கூட ஆடல அக்கா."

வண்டி தள்ளி வந்தவர்கள் அவரைப் படுக்க வைத்ததும், மெஷினை அவர் மார்புக்கு மேலே இழுத்தேன். "மூச்சை இழுங்க. பிடிச்சுக்குங்க. அசையாதீங்க" என்று ஆயிரம் பேரிடம் அலுப்போடு சொன்ன வார்த்தைகள்தான். அன்றைக்கு அவருக்கும் அதையே சொன்னேன்.

திரையில் படம் வந்தது. இரண்டு விலா எலும்புகள் புதிதாக உடைந்திருந்தன. அது நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது, அவற்றுக்குப் பக்கத்தில் இருந்த முடிச்சுகள். எப்போதோ உடைந்து, தானே கூடி, புடைத்துப்போன பழைய முறிவுகள். விலாவில், காறை எலும்பில், முன்கையில். எண்ணினேன். குழம்பிப்போய் மறுபடி எண்ணினேன்.

பதினொன்று.

எலும்பு டாக்டர் வந்து படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இதெல்லாம் விழுந்து உடைஞ்சதில்லம்மா. முன்கை இப்படி உடையணும்னா, அடி வர்றப்போ கையைத் தூக்கித் தடுத்திருக்கணும். யாரோ வருஷக்கணக்கா இவரைப் போட்டு அடிச்சிருக்காங்க. வீட்ல யார் யார் இருக்கீங்க?"

"நானும் அவரும்தான் சார்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் கைகளைப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தொடுவதற்கே கொடுத்து வைக்காதவளைப் போய், அடித்தாயா என்று பார்க்கிறார்!

எங்கள் கல்யாணமே ஒரு எக்ஸ்ரேயில் தொடங்கியதுதான். வேலையில் சேர மருத்துவச் சான்றிதழ் வாங்க வந்தார். மூச்சைப் பிடிக்கச் சொன்ன நான், விடச் சொல்ல மறந்துபோனேன். மனிதர் முகம் சிவக்கச் சிவக்கப் பிடித்துக்கொண்டு நின்றார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. மூன்றாவது மாதம் கல்யாணம். அந்தப் படத்தை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். விபத்து நடந்த அன்று மாலை வீட்டுக்குப் போனதும் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.

ஒரு கீறல் இல்லை. அப்பழுக்கில்லாத எலும்புகள்.

அப்படியானால் எல்லாமே என்னைக் கட்டிக்கொண்ட பிறகு நடந்தவை.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அன்று காலை அவர் கப் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து முதுகில் கை வைத்தேன். வெந்நீர் கொட்டியது போலத் துள்ளி விலகினார். 'நான் என்ன தீட்டா?' என்று கத்திவிட்டு வேலைக்கு வந்தேன். இரண்டு மணி நேரத்தில் லிஃப்ட். போன வருடம் காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். மறுநாள் ஏணி வழுக்கியது என்றார். அவர் அம்மா இறந்தபோது தாங்க முடியாமல் அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். அந்த வாரமே பைக்கிலிருந்து விழுந்தேன் என்று கையில் கட்டோடு வந்தார். கல்யாணமான புதிதில் மாதத்துக்கு இரண்டு முறை பாத்ரூமில் வழுக்கி விழுவார். "கண்ணைத் திறந்து நடங்க" என்று கிண்டல் செய்திருக்கிறேன், பாவி நான்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. ஹாலில் நல்ல வெயில். அவர் தானாகவே நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்ததும், தொடாமல் எதிரே நின்றேன்.

"யாரு உங்களை அடிக்கறது?"

தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்கறேன்ல?"

"தெரியாது. முகத்தைப் பார்த்ததில்ல. பின்னாலேர்ந்துதான் வரும். நீ என்னைத் தொட்டா வரும். சில சமயம் உடனே. சில சமயம் ரெண்டு நாள் கழிச்சு."

"எப்போலேர்ந்து?"

"கல்யாணமாகி ஒன்பதாம் நாள்லேர்ந்து."

எனக்கு வந்தது பயம் இல்லை. ஆத்திரம்.

"ஆறு வருஷம்! ஆறு வருஷமா கண்ணாடி முன்னாடி நின்னு, எங்கிட்ட என்ன குறைன்னு தேடிட்டிருந்தேன். ராத்திரி உங்க ரூம் கதவுல தாழ்ப்பாள் விழற சத்தம் கேட்டா செத்துடலாம்போல இருக்கும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீ போயிடுவியோன்னு பயந்தேன்."

"சொல்லாததாலதான்யா போறேன்! கதை விடறீங்க. வேற எவளோ இருக்கா, அவ ஆளுங்க அடிக்கறாங்க. அதானே?" எட்டி அவர் கையைப் பிடித்தேன். "இதோ தொட்டுட்டேன். எங்கே உங்க பேய்? வரச் சொல்லுங்க!"

"விட்டுடு... தயவு செஞ்சு விட்டுடு."

எதுவும் நடக்கவில்லை. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். அவர் உள்ளங்கை வியர்த்திருந்தது. ஆறு வருடத்துக்குப் பிறகு அந்தக் கை. அந்த நேரத்திலும் என் மனசு அதில்தான் லயித்தது, என்ன செய்ய?

பிறகு வாடை வந்தது. மழையில் நனைந்த இரும்பு வாடை.

ஜன்னல் திரை அசையவில்லை.

எனக்குப் பின்னால் யாரோ மூக்கால் மூச்சு வாங்கினார்கள்.

அவர் தலை வெடுக்கென்று பின்னால் இழுபட்டது. மயிரைக் கொத்தாக அள்ளிப் பிடித்த மாதிரி. நாற்காலி கவிழ்ந்தது. அவரைத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு போனது. நான் கையை விடவில்லை, என்னையும் சேர்த்தே இழுத்தது. சுவரில் அவர் தலை மோதியது. மறுபடி மோதியது. காரை பெயர்ந்து என்மேல் உதிர்ந்தது. புதுத் தையல் பிய்ந்து நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. அங்கே ஆள் இல்லை. வெயில் மட்டும் இருந்தது.

"அடிக்கறதா இருந்தா என்னை அடி!" என்று கத்திக்கொண்டே அவர்மேல் விழுந்து இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

என்மேல் ஒரு அடிகூட விழவில்லை.

எங்கள் இருவருக்கும் நடுவே காற்றுப் புகவும் இடமில்லை. அந்த இடத்துக்குள் அடி இறங்கியது. ஒன்று. இன்னொன்று. நான் எவ்வளவு இறுக்கினேனோ அவ்வளவு பலமாக இறங்கியது. என் கன்னத்துக்கு அடியிலேயே அவர் விலா எலும்பு உடைந்தது. இத்தனை வருடம் படமாகப் பார்த்ததை அன்றைக்குத்தான் சத்தமாகக் கேட்டேன்.

"கையை எடு" என்றார். வாயில் ரத்தம் குமிழ் விட்டது. "கும்பிட்டுக் கேக்கறேன், கையை எடு."

எடுத்தேன்.

நின்றது.

நான் தவழ்ந்து எதிர்ச் சுவருக்குப் போய், இரண்டு கைகளையும் தரையில் ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினேன். என் கன்னத்தில் தெறித்திருந்த அவருடைய ரத்தத்தை ஏதோ ஒன்று துடைத்துவிட்டது. மெல்ல, பதமாக, கண்ணோரம் படாமல் துடைத்தது. என் கைகள் தரையில்தான் இருந்தன.

அவர்தான் பேசினார்.

"போகாத. இப்படியே இருந்துடலாம். நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். பேசிக்கலாம், சிரிச்சுக்கலாம். உன் பேச்சைக் கேக்காம என்னால இருக்க முடியாது."

பொய் இல்லை அது. காலையில் எனக்கு வெந்நீர் போட்டு வைக்க ஒரு நாளும் அவர் தவறியதில்லை. நான் சொல்லும் அசட்டு ஆஸ்பத்திரிக் கதைகளுக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பார். அறையைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே என்னைத்தான் காதலித்துக்கொண்டிருந்திருக்கிறார். தொடாமல் வாழ என்னால் முடியுமா என்று முதல் தடவையாக நேர்மையாக யோசித்துப் பார்த்தேன். ஆறு வருடம் முடிந்ததே, இன்னும் முப்பது முடியாதா?

"முடியாதுங்க" என்றேன். "என்னை எனக்குத் தெரியும். என்னிக்காவது நீங்க சிரிக்கறப்போ மறந்துபோய்த் தொட்டுடுவேன். அன்னிக்கு உங்களைப் பொணமாத்தான் பார்ப்பேன். அது உங்களைப் பிடிச்ச பேய் இல்ல. என்னைத் தேடி வர்றது. நான் கிளம்பறேன்."

"அழாத" என்றார். அருகில் போய் அவர் முகத்தைத் துடைக்கக்கூட வழியில்லை. எலக்ட்ரீஷியனுக்கு போன் செய்துவிட்டு, அவர் வரும் வரை எதிர்ச் சுவரோரமே உட்கார்ந்திருந்தேன்.

எட்டு மணி நேர ரயில் தூரத்தில் வேறொரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. பின்கட்டில் ஊழியர் குடியிருப்பு. ஒரு கட்டில், ஒரு மேஜை, சாத்த வராத ஒரு ஜன்னல். நோயாளிகளைத் தொட்டுத் திருப்பிப் படுக்க வைக்கிறேன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆசையாகத் தொட அங்கே யாருமில்லை.

வேலையில் சேர்ந்த எட்டாம் நாள். டியூட்டி முடிந்து மத்தியானம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். போன் அடித்தது. அவர்தான்.

"தையல் பிரிச்சாச்சு. நீ போனதுலேர்ந்து ஒண்ணுமே இல்ல. நேத்து கதவைத் திறந்து வெச்சுட்டே தூங்கினேன்" என்றார். குரலில் அத்தனை நிம்மதி. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. "நீ எப்படி இருக்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தபோது, எனக்குப் பின்னால் மெத்தை அமுங்கியது.

ஒரு கை வந்து என் இடுப்பைச் சுற்றிக்கொண்டது.

இளஞ்சூடான கை. கனம் எனக்கு வலிக்காதபடி அளவாக இருந்தது. என் விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். விரல் மூட்டுகளில் தோல் பிய்ந்து, காய்ந்து, பொருக்குத் தட்டியிருந்தது. எதையோ பலமாகக் குத்திக் கிழித்துக்கொண்ட புண். ஆறும் பருவத்தைப் பார்த்தால் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்.

கத்தியிருக்க வேண்டும். கட்டிலிலிருந்து குதித்து ஓடியிருக்க வேண்டும்.

ஆறு வருடம்.

"பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்றார் அவர். "மூச்சு வாங்கற சத்தம் கேக்குதே."

"யாருமில்லீங்க" என்றேன். "தனியாத்தான் இருக்கேன்."

அந்தக் கை என்னைக் கொஞ்சம் அருகே இழுத்தது. நான் திமிறவில்லை.