வாளுக்குக் கொடுத்த வீடு

"என்ட வீட்டக் குடுத்தது ஆரு?"

கல்முனையில் அப்துல் ஹமீட் நடத்தும் கொமினிகேசன் கடைக்குள் இந்தக் கேள்வி எழுந்தபோது, வெளியே மாரி மழை கொட்டிக்கொண்டிருந்தது. போட்டோக்கொப்பி எடுக்க வந்து மழைக்கு ஒதுங்கியவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கேட்டவள் விதுஷா. அந்தக் கடையில் தமிழ் ரைப்பிங் செய்கிறவள், பாண்டிருப்புக்காரி. அவள் சத்தம் போட்டு அதுவரை யாரும் கேட்டதில்லை.

வீடு என்றால் கல்வீடு அல்ல. மூலைக் கொம்பியூட்டரில் ஒரு கேம் இருந்தது. வாள், மந்திரம், காடு, பூதம் என்று அது ஒரு தனி உலகம். நீண்ட தலைமுடி வீரன் ஒருவனை நாம்தான் அதற்குள் நடத்திக்கொண்டு திரிய வேண்டும். வேலை குறைந்த மத்தியானங்களில் விதுஷா அவனைக் கொண்டு மூலிகை பிடுங்குவித்து, ஊராருக்குக் கிணறு இறைப்பித்து, ஏரிக்கரையில் ஒரு வீடு சம்பாதித்திருந்தாள். சிவப்பு ஓடு, நீலக் கதவு, வாசலில் பெயர் தெரியாத வெள்ளைப் பூ... இன்று திறந்து பார்த்தால் அந்த வீட்டுக்குள் கொல்லன் குடியிருக்கிறான். வீரனின் இடுப்பில் பளபளவென்று ஒரு வாள் தொங்குகிறது!

"நான்தான்..."

பக்கத்துக் கதிரையிலிருந்து ஒருவன் எழுந்தான். நனைந்த சேட், விரல்களில் சோக்குத் தூள். நெற்றியில் வழிந்த மழைத்துளி ஒன்று இமையில் வந்து தயங்கி நின்றது. அதற்குக் கீழே இரண்டு கண்கள்... இவ்வளவு பயந்த கண்களை வைத்துக்கொண்டு இவன் எப்படிப் பூதங்களை வெட்டினான்? கோபமாக இருக்கும்போது இதையெல்லாம் கவனிக்கக் கூடாதுதான். விதுஷா கவனித்துவிட்டாள்.

அவன் பவிதரன். திருக்கோவிலிலிருந்து சனி, ஞாயிறுகளில் வந்து பாண்டிருப்பு ரியூசனில் கணிதம் படிப்பிக்கிறவன். அந்த நாட்களில் அவளுக்கு விடுமுறை. அவன் வகுப்புகளுக்கு நடுவில் வந்து, கிடந்த வீரனை எடுத்து விளையாடிவிட்டுப் போவான். இன்று போயா, பௌர்ணமி விடுமுறை. ரியூசனில் மேலதிக வகுப்பு வைத்ததால் இன்றைக்குத்தான் இருவரும் ஒரே கூரையின் கீழ் அகப்பட்டுக்கொண்டார்கள்.

"வீட்டக் குடுத்து ஆராவது வாள் வாங்குவாங்களா சேர்?"

"அவன் ஆம்பிளதானே... அவனுக்கு என்னத்துக்கு வீடு? கலியாணம் முடிச்சா பொம்பிளைட வீட்டதானே போய் இரிக்கப் போறான்!"

கடை முழுக்கச் சிரிப்பு. அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இந்தக் கரையில் பிறந்த எவனும் அப்படித்தான் நினைப்பான். இங்கே வீடு பெண்பிள்ளைக்கு உரியது. தாய் தகப்பன் கட்டிக் கொடுத்த வீட்டில் அவள் இருப்பாள், மாப்பிள்ளை உடுப்புப் பையோடு வந்து சேருவார்.

விதுஷா மட்டும் சிரிக்கவில்லை. அவர்களுடைய கடலோர வீடு சுனாமியோடு போனது. அந்த இடத்தில் இனிக் கட்டக் கூடாது என்றார்கள். வீட்டுத் திட்டத்தில் கிடைத்த ஒரேயொரு வீட்டையும் அக்கா கஜேந்தினியின் கலியாணத்துக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. அந்த வீட்டின் பின்னறையில்தான் அப்பா, அம்மாவோடு இவளும். வருகிற தரகர்கள் தேத்தண்ணி குடிக்கும் முன்பே கேட்டுவிடுவார்கள்... "இளையவக்கு வீடு இரிக்கா?"

நீலக் கதவு வைத்த அந்த வீடு ஒன்றுதான் அவளுடையதாக இருந்தது.

"மீட்டுத் தாறன்" என்றான் பவிதரன், அவள் முகத்தைப் பார்த்து. "சத்தியமா."

அதன் பிறகு அவனுக்குக் கல்முனையில் திடீர் திடீரென்று வேலை வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை பேனை வாங்க வந்தான். வியாழக்கிழமை குடை திருத்த வந்தான். கல்முனைக்கு வராமல் திருக்கோவிலில் பேனை கிடைக்காதா என்று ஹமீட் நானா கேட்கவில்லை. மூலையில் இன்னொரு கதிரையைப் போட்டுவிட்டு, பத்திரிகைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

இருவரும் சேர்ந்து அந்த உலகத்துக்குள் நடந்தார்கள். மழையில் நனையும் மூங்கில் காடு, மின்மினி பறக்கும் பாலம்... கோட்டை வாசலில் ஒரு காவலாளி மறித்து, எங்கே போகிறாய் என்று கேட்டான்.

"இஞ்சயும் செக்பொயின்ட்டா! இப்பதானே எங்கட றோட்டில எடுத்தாங்க..."

பவிதரன் சிரித்தான். நாட்டில் சண்டை முடிந்த வருடம் அது. இப்படிச் சிரிக்கவும் கொஞ்சம் பழக வேண்டியிருந்தது.

"உங்களுக்கு இந்தக் கேம் புடிக்குமா, புடிக்காதா? முகத்தப் பாத்தா ஒண்டும் விளங்குதில்ல."

அவள் யோசித்தாள். "ரொட்டிக் கடைக்காரன் எண்டைக்குப் போனாலும் ஒரே கதையச் சொல்லுவான். அது புடிக்கும். அவன் அங்கயே இரிப்பான் எண்டு தெரியும்தானே. ஆனா... வெட்டுப்பட்டுச் செத்தவன் ஒரு பட்டன அமத்தினா எழும்பி வாறான். அது புடிக்கா. கோவம் கோவமா வரும்."

அவன் வீரனை மெதுவாகக் காட்டைத் தாண்டிக் கொண்டு போனான். மரங்கள் விலகின. நீலமாய், திரை முழுக்கக் கடல்.

"நிப்பாட்டுங்க!"

அவள் கை அவன் கை மேல் இருந்தது. அலை சத்தமில்லாமல் வந்து வந்து போனது. கையை எடுக்க வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவேயில்லை... தோன்றியபோது முகமெல்லாம் சூடேறியது.

"அஞ்சு வருசமா கடற்கரைக்கே போகல்ல" என்றாள். பிறகு வீட்டுக் கதை முழுவதையும், பின்னறை வரைக்கும் சொன்னாள்.

அவன் அவசரப்பட்டான். கணக்கு வாத்தியார் ஒரு படியைத் தாண்டி நேரே விடைக்குப் போனார். "அம்மாவ உங்கட வீட்ட அனுப்பட்டா?"

விதுஷாவின் முகம் மாறியது. "பாவம் பாத்து வராதீங்க சேர். உங்கட அம்மா கேக்கிற முதல் கேள்வி எனக்குத் தெரியும். அந்தக் கேள்விக்கு முன்னால எங்கட அப்பா தலை குனிஞ்சி நிக்கிறத இனியும் பாக்க ஏலா."

"பாவமா? நான்..."

"பஸ்சுக்கு நேரமாகிட்டு. போங்க."

அவன் போனான். செவ்வாய் வந்தது, வியாழன் வந்தது, பேனையோ குடையோ வரவில்லை. விதுஷா மூலைக் கொம்பியூட்டரைத் துணியால் மூடிவைத்தாள். தானே விரட்டிவிட்டு, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் தானே திரும்பிப் பார்த்தாள். இந்த மனதை என்ன செய்ய...

தை பிறக்கப் போகிற ஒரு மத்தியானம். மாரியின் கடைசி மழை. தொப்பலாய் நனைந்து உள்ளே வந்தவன் ஒருவரையும் பார்க்காமல் மூலைக்குப் போனான். துணியை எடுத்தான். கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தான். பிறகு அவளைக் கூப்பிட்டான்.

"ஒருக்கா வந்து பாருங்க."

ஏரிக்கரையில் வீரன் நின்றான். இடுப்பில் வாள் இல்லை. பின்னால் வீட்டு வாசலில் கொல்லன் அப்படியே இருந்தான்.

"வாளத் திருப்பிக் குடுத்திட்டன். வாங்கி வெச்சிட்டு வீட்டத் தர மாட்டன் எண்டுட்டான்."

அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள்.

"அம்மாக்கிட்டச் சொன்னன்" என்றான் அவன், திரையைப் பார்த்தபடி. "நீங்க சொன்னதுதான் முதல் கேள்வி. இல்ல எண்டன். நாங்க ரெண்டு பேரும் உழைச்சிக் கட்டுவம், அவட பேரிலயே எழுதுவம் எண்டன். மறுகா அம்மா என்னோட கதைக்கவே இல்ல. இண்டைக்கு விடியத்தான் வாயத் திறந்தாங்க..."

"என்ன சொன்னாங்க?"

"'அந்தப் புள்ளைக்கு உன்னப் புடிச்சிரிக்கா எண்டு கேட்டியாடா' எண்டாங்க."

அவன் திரும்பினான். அன்றைக்குப் பார்த்த அதே பயந்த கண்கள். இமையில் அதே போல ஒரு துளி...

"நான் கேக்கவே இல்லதானே. பாவம் பாத்து வரல்ல விதுஷா. அண்டைக்கு என்ட வீடு எண்டு சண்டைக்கு வந்தீங்களே, அந்த நேரத்தில இரிந்து எனக்கு வேற ஒண்டும் ஓடுதில்ல." அவன் திரையைக் காட்டினான். "இப்ப இவனப் பாருங்க. வாளுமில்ல, வீடுமில்ல. இப்பிடி ஒருத்தன ஆரு எடுப்பா?"

"நான் எடுப்பன்!"

சத்தமாகவே வந்துவிட்டது. போட்டோக்கொப்பி எடுக்க வந்தவர்கள் இன்றைக்கும் திரும்பிப் பார்த்தார்கள். ஹமீட் நானாவின் பத்திரிகை தலைகீழாக இருந்தது.

அவள் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள். விரல்களுக்கு நடுவிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஆனா கதவு நீலம்."

"ஓம்."

"கடலுக்குக் கிட்ட வேணாம்..." கொஞ்சம் யோசித்தாள். "சத்தம் கேக்கிற தூரத்தில இரிந்தாப் பரவாயில்ல."

"ஓம்" என்றான் பவிதரன்.