ஷகூரின் உதடுகள்

முபீன் வசனத்தைப் பேசி முடித்த பிறகும் திரையில் ஷகூரின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

படத்தைப் பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தான். வெள்ளிக்கிழமை. மாலேகானின் விசைத்தறிகளெல்லாம் ஓய்ந்திருக்க, பஞ்சுத்தூசியும் எந்திர எண்ணெயும் மணக்கும் அந்தக் குரல்பதிவு அறையில், வாரமெல்லாம் இரைச்சலிலேயே கிடந்த காதுக்கு அவனுடைய சொந்த மூச்சுகூட வேறு யாரோ பக்கத்தில் நின்றுகொண்டு விடுவதுபோல் கேட்டது.

பெரிய பம்பாய்ப் படம் ஒன்றைக் கேலி செய்து அவர்களே எடுத்த படம். கொள்ளைக்காரனைத் தூக்கில் போடும்போது அவன் பைஜாமா அவிழ்ந்து விழ வேண்டும். தறிக்கூடத்தில் ஊமையாக எடுத்து, குரலைப் பிறகு சேர்ப்பதுதான் வழக்கம். அன்று கொள்ளைக்காரனாக நடித்த ஷகூரின் இடுப்பைத் தாங்கிய கயிறு நழுவி, பாரம் முழுக்கக் கழுத்தில் இறங்கியது. தறி இரைச்சலில் அவன் கத்தியிருந்தாலும் கேட்டிருக்காது. ஆனால் தறிக்காரர்கள் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்பவர்கள். ‘இறக்குடா’ என்று அவன் சொன்னதை எதிரே நின்ற முபீன் பார்த்தான். காட்சி அருமையாக வருகிறது, கெடுத்தால் இயக்குநர் அக்லாக் பாய் தொலைத்துவிடுவார் என்று கொஞ்சம் பொறுத்தான்.

அடக்கம் முடிந்த கையோடு அக்லாக் பாய் சொன்னார்: “செத்தாலும் நல்லா நடிச்சிட்டுத்தான்டா செத்திருக்கான். அவன் குரல்ல ஒரு ஜோக்கப் பேசி மூடிரு. மிமிக்ரிக்கு உன்ன விட்டா யாரு?”

“நாடா முடிச்சக் கழுத்துல போட்டுட்டீங்களே சாகிப், பைஜாமா நழுவுது” என்று ஷகூரின் குரலில் பேசினான். உதடுகள் நிற்கவில்லை. மிச்சத்தை வெட்டி எறிந்தான். ஓட்டிப் பார்த்தால், வெட்டியது ஒட்டிக்கொண்டு, காட்சி முன்னைவிட நீண்டிருந்தது. பயத்தில் அப்படியே கொடுத்துவிட்டான்.

வீடியோ கொட்டகையில் விளக்கணைந்த பிறகுதான் உறைத்தது. குரலைத்தானே மூடினான்? வந்திருப்பதெல்லாம் தறிக்காரர்கள். இனி எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ஷகூர் தொங்கினான். ஜோக் முடிந்தது. உதடுகள் மட்டும் பேசின. ‘இறக்குடா முபீன். பாத்துக்கிட்டே நிக்கிறியே.’

கொட்டகை விழுந்து விழுந்து சிரித்தது. முபீனையே படத்துல வாரிட்டானுங்க என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

முபீனின் கழுத்தில் ஏதோ உரசியது. சணல் வாசம். தடவிப் பார்த்தான். ஒன்றுமில்லை. இறுகியது.

குரல் வரவில்லை. அக்லாக் பாய் பக்கம் திரும்பினான். ‘பாய். மூச்சு முட்டுது. எடுத்து விடுங்க.’

அவர் அவன் உதடுகளை உற்றுப் பார்த்தார். ஒரு சொல் விடாமல் படித்தார்.

“அச்சு அசல் ஷகூர்டா” என்று கண்ணில் நீர் வரச் சிரித்து, அவன் முதுகில் தட்டினார்.

முதுகு ஆடியது. முன்னும் பின்னும். திரையில் ஷகூர் பேச்சை நிறுத்திவிட்டு அவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். நாற்காலிக்குக் கீழே முபீனின் செருப்புகள் கிடந்தன. கால்கள் அவற்றுக்கு ஒரு சாண் மேலே உதறிக்கொண்டிருந்தன.