பார்க்காமல் எழுதிய குரூப்

எண்பத்தேழாம் வருஷம், ஆடி மாதத்துப் பகல். பேரிகை கிராமத்திலிருந்து சென்னப்பன் தன் மனைவி காவேரியை டெம்போவில் கொண்டுவந்து ஓசூர் நர்சிங் ஹோமில் சேர்த்தான். பிள்ளை பிறந்து நாலு மணி நேரமாகியும் அவளுக்கு உதிரம் நிற்கவில்லை.

மாடிப்படிக்கு அடியில் இருந்த அறைதான் லேப். கௌஸ் மொய்தீன் ஒருவர்தான் அங்கே வேலை. வெள்ளைப் பீங்கான் தட்டில் காவேரியின் ரத்தத்தை மூன்று சொட்டு வைத்து, குரூப் பார்க்கும் மூன்று மருந்தையும் ஒவ்வொன்றாக விட்டு, குச்சியால் கலக்கி ஆட்டினார். முதல் இரண்டும் திரியவில்லை. மூன்றாவது திரிந்தது. ஓ பாசிட்டிவ். சென்னப்பனுக்கு ஏ.

"புருஷன் ரத்தம் பொண்டாட்டிக்குச் சேராதா பாய்? இன்னா நாயம் இது?"

"கல்யாணத்துக்கு ஜாதகம் பாத்தீங்களே, இதப் பாத்தீங்களா? கம்பெனி கேட்டுக்கு ஓடுங்க. கார்டுல ஓ போட்ட ஆளா புடிங்க."

கார்டு என்று சொன்னதும் அவருக்குப் பழைய கணக்கு ஒன்று ஞாபகம் வந்தது.

போன வருஷம் ஒரு கம்பெனியில் அடையாள அட்டைக்காக முந்நூறு பேருக்கு ரத்தம் பார்த்தார். மத்தியானமே மருந்து தீர்ந்துவிட்டது. கடைசி நாற்பது பேருக்கு விரலை மட்டும் குத்திவிட்டு, தோன்றியதை எழுதினார். அவர்களில் பொன்னுசாமி என்ற தொழிலாளிக்கு பி. ஆறு மாதம் கழித்து அவன் வலது கை பிரஸ் மெஷினில் மாட்டியது. அட்டையை நம்பி பி ரத்தம் ஏற்றினார்கள். இடுப்பு வலி என்று கத்தினான், கறுப்பாய் மூத்திரம் போனான், செத்தான். கை நசுங்கியதால் செத்தான் என்றது ஊர். மீதிப்பேர் அட்டைகளை கௌஸ் இன்னும் திருத்தவில்லை.

அறையில் மெஷின் எண்ணெய் வாடை அடித்தது.

சென்னப்பன் போய்விட்டான். பெஞ்சில் காக்கிச் சட்டைக்காரன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். வலது சட்டைக்கை காலியாகத் தொங்கியது.

"யாருப்பா?"

"வெரல குத்துனீங்க. பாக்கலியே பாய்."

இடது கை நீண்டது.

கௌஸ் குத்தினார். ஈரத்துணியில் ஊசி இறங்குவதுபோல் இருந்தது. மூன்று சொட்டு. ஆட்டினார்.

"ஓ," என்றார்.

"இப்பவாச்சும் சொன்னீங்களே."

பெஞ்ச் காலி.

அவர் காவேரி கிடந்த மாடி வார்டுக்கு ஓடினார். படியேற அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குள் நர்ஸ் சரோஜம்மாள் ரத்தப் புட்டியை மாட்டி முடித்திருந்தாள்.

"நீங்க அனுப்புன ஆளு குடுத்துட்டுப் போயிட்டாரு பாய். ஒத்தக் கையோட வந்து, பாவம்."

புட்டியில் ஒட்டிய சீட்டு கௌஸின் கையெழுத்தில் இருந்தது. பொன்னுசாமி, ஓ.

குழாயைப் பிடுங்கக் கை நீட்டினார். கேட்டில் ஆள் கிடைக்காமல் திரும்பியிருந்த சென்னப்பன் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னா பண்றீங்க பாய்? இப்பதான் கண்ணத் தொறந்தா!"

வேறு ரத்தம் இல்லை. பிடுங்கினால் காவேரி செத்துப்போவாள்.

கையை எடுத்துக்கொண்டார்.

அவள் உதட்டில் சிவப்பு ஏறியது. சொட்டுகள் இறங்கிக்கொண்டே இருந்தன. ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று.

புட்டி கழுத்துவரை நிறைந்தே இருந்தது.