நாச்சம்மாள் கேட்ட குரல்

ஆம்ப்ளிஃபையரின் மேல் கை வைத்த சுரேந்தர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டான். சுட்டது. நேற்றிலிருந்து அது மேசையில் சும்மாதான் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டுப் பக்கத்திலேயே வைத்திருந்தான். ஜன்னல் வெயில் பட்டிருக்குமோ என்று பார்த்தால், மைசூருக்கு வெயில் வந்தே மூன்று நாளாகிறது. விடாத தூறல். சுவரெல்லாம் சில்லிட்டுக் கிடக்கிறது. இது மட்டும் காய்ச்சல் கண்ட நெற்றி மாதிரி கொதிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி. குவெம்பு நகர் வீட்டில் சாப்பாடு முடிந்து, அவன் மனைவி தாரணி அடுக்களையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். ஐந்து மணிக்கு இதை வாங்க ஆள் வருகிறான். கொள்ளேகாலில் பட்டுச்சேலைக் கடை வைத்திருக்கும் கவின்ராஜ். அவன் கொடுப்பதை வைத்துத்தான் பெங்களூரில் பேசி வைத்திருக்கும் புது ஆம்ப்ளிஃபையரை எடுக்க வேண்டும். நாளைக்குள் வராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகக் கடைக்காரர் சொல்லிவிட்டார். ஆறு மாதமாகச் சுரேந்தருக்கு அதே நினைப்பு. ஆசை வந்துவிட்டால் அவனுக்குக் கண்மண் தெரியாது.

இந்தப் பழையது அவன் கைக்கு வந்ததும் அப்படித்தான். அதைக் கேட்டால் உங்களுக்கு வயிறெரியும். இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

மண்டி மொஹல்லாவில் கந்தசாமி என்று ஒருவர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய இந்த இங்கிலாந்து வால்வு ஆம்ப்ளிஃபையர் அவருடையது. தொண்டையில் புற்றுநோய் வந்தது. அறுத்தால் குரல் போய்விடும் என்றார்கள். அறுவைக்கு இரண்டு நாள் முன்னால் உட்கார்ந்து, மனைவி நாச்சம்மாளுக்காக ஒரு கேசட் முழுக்கப் பேசிப் பதிந்து வைத்தார். பெரிதாக ஒன்றுமில்லை. கேஸ் புத்தகம் எந்தப் பெட்டியில் இருக்கிறது, பிரஷர் மாத்திரையை மறக்காதே, மழைக்காலத்தில் ஷட்டருக்கு எண்ணெய் போடு. நடுநடுவே, "நாச்சா, கேக்குதா?" அவ்வளவுதான். அவர் போன பிறகு அந்த அம்மாள் தினமும் விளக்கேற்றியதும் அந்தக் கேசட்டைப் போட்டுவிட்டு, ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, "கேக்குதுங்க" என்று பதில் சொல்லிக்கொண்டிருப்பாள்.

சுரேந்தர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். குரல்தான் அவனுக்குச் சோறு. தேன் தடவிய மாதிரி பேசுவான். அந்தக் குரலைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டவர்கள் மைசூரில் எத்தனையோ பேர். கந்தசாமியின் கடைக்குப் போய்வந்த பழக்கத்தில் அந்த வீட்டுக்கும் போவான். ஒருநாள் சத்தம் கரகரக்கிறது, பாருங்கள் என்று நாச்சம்மாள் கூப்பிட்டாள். பார்த்தான். பின்பக்கம் இருந்த ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு சுவிட்சைப் போட்டுக் காட்டினான். விளக்கு எரியவில்லை.

"செத்துப்போச்சுங்க அக்கா. இதுல இனிமே சத்தம் வராது."

பழைய இரும்புக்கு என்ன கிடைக்குமோ அதைக் கொடுத்துத் தூக்கிவந்தான். கேசட்டையும் வாங்கிக்கொண்டான், போனில் ஏற்றித் தருவதாகச் சொல்லி. வீட்டுக்கு வந்து தன் கேசட் மிஷின் சரியாகப் பதிகிறதா என்று சோதிக்க ஒரு கேசட் தேவைப்பட்டது. கையில் கிடைத்தது அதுதான். கந்தசாமி அழிந்துபோனார்.

அதற்குப் பிறகு கடைத்தெருவில் எங்கே பார்த்தாலும் அந்த அம்மாள் ஒன்றைத்தான் கேட்பாள். கோபப்பட்டதே இல்லை. "தம்பி, அந்தக் குரலைக் குடுத்துப்போடுங்க." போன ஆடியில் அவளும் செத்துப்போனாள். சுரேந்தர் சாவுக்குப் போகவில்லை. உள்ளுக்குள் அப்பாடா என்று இருந்தது அவனுக்கு.

சூட்டைப் பற்றி யோசிக்காமல் துணியை எடுத்து முகப்பைத் துடைத்தான். இரண்டு கண்ணாடி வட்டங்களுக்குள் இரண்டு மெல்லிய ஊசிகள். சத்தம் வந்தால் ஆடுபவை. துடைத்த துணியில் சிவப்பாக ஏதோ ஒட்டியது. முகர்ந்தான். குங்குமம். ஆயுத பூஜைக்கு நாச்சம்மாள் அதற்குப் பொட்டு வைப்பாள். அதை மூன்று வருஷத்துக்கு முன்பே ஸ்பிரிட் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டான். இது ஈரம் காயாத குங்குமம். கூடவே நீலகிரித் தைல வாசனை. அந்த அம்மாள் நெஞ்சில் தடவிக்கொள்கிற தைலம்.

"தாரணி, கொஞ்சம் தண்ணி கொண்டு வா."

இடது ஊசி எழுந்து படுத்தது.

சுரேந்தர் சுருட்டி வைத்த ஒயரைப் பார்த்தான். ரப்பர் பேண்டு போட்டபடியே கிடந்தது. மேசை ஆடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, மெதுவாக, "ஹலோ" என்றான். ஊசி எழுந்தது. தொண்டைக்குள்ளிருந்து யாரோ நூலைப் பிடித்து இழுத்த மாதிரி ஒரு உணர்வு. இன்னொரு முறை சொன்னான். ஊசி முன்னைவிட உயரமாக எழுந்தது; அவன் குரல் முன்னைவிடச் சன்னமாக வந்தது.

தாரணி தண்ணீரோடு வந்தாள். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். புருஷனை ஊர் வழக்கப்படி 'ரீ' என்றுதான் கூப்பிடுவாள்.

"ஏன்ரீ, தொண்டை கட்டிக்கிச்சா?"

"மழை," என்றான். அந்த ஒரு வார்த்தைக்கு இரண்டு ஊசிகளும் கடைசிவரை போய் முட்டி நின்றன. அவள் கவனிக்கவில்லை. சுக்குக் காப்பி போடுகிறேன் என்று போய்விட்டாள்.

சுரேந்தர் பயந்துவிட்டான், அதைச் சொல்வதற்கென்ன. ஆனால் அப்போதும் அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. ஐந்து மணிக்கு ஆள் வந்துவிடுவான், தூக்கிக்கொண்டு போய்விடுவான், சனியன் தொலைந்தது என்றுதான் தோன்றியது. வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். சுக்குக் காப்பி வந்ததற்கும் தலையைத்தான் ஆட்டினான்.

கவின்ராஜ் சொன்ன நேரத்துக்கு வந்தான். பணிவான பையன், செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தான். பிளக்கை மாட்டி, ஸ்பீக்கர் ஒயரைச் செருகினார்கள். உள்ளே பல்பு மாதிரி நின்ற கண்ணாடி வால்வுகள் மெல்லச் சிவந்தன. பழைய ஆம்ப்ளிஃபையர் வாங்குகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. முதலில் பாட்டைக் கேட்கமாட்டார்கள். ஒன்றையும் போடாமல், வால்யூமை முழுசாகத் திருப்பி, ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்து அதன் அமைதியைக் கேட்பார்கள். இரைச்சல் இருந்தால் அதில் தெரிந்துவிடும்.

"அண்ணா, நீங்க வலதுல கேளுங்க, நான் இடதுல கேக்கறேன்," என்றான் கவின்ராஜ்.

சுரேந்தர் முட்டி போட்டுக் காதை வைத்தான். முதலில் ஒன்றுமில்லை. பிறகு வெகுதூரத்தில் ஒரு மின்விசிறி கடகடத்தது. அவன் வீட்டு விசிறி இல்லை. ஒரு டம்ளரைத் தரையில் வைக்கும் சத்தம். பாய் சுருளும் சத்தம். யாரோ முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார்கள். இருமல். வெறுங்காலடி. ஒன்று. இன்னொன்று. கிட்டே. அவசரமே இல்லை. மூச்சு கேட்டது. ஸ்பீக்கரின் துணிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. காது மடலில் வெதுவெதுப்பாகக் காற்றுப் பட்டது. தைல வாசனை.

"தம்பி, குரலைக் குடுத்துப்போடுங்க."

"சூப்பருங்கண்ணா," என்று கவின்ராஜ் எழுந்தான். "துளி இரைச்சல் இல்லை. பாட்டே போட வேண்டாம், எடுத்துக்கறேன். காருல அட்டைப்பெட்டி இருக்குது, கொண்டாறேன்."

அவன் வெளியே போனான். சுரேந்தர் பிளக்கைப் பிடுங்கினான். வால்வுகள் அணையவில்லை. பின்பக்கம் திருப்பினான். விரல் சுட்டது. ஃபியூஸ் மூடியைத் திருகினான். கண்ணாடிக் குழாயை உருவினான். அன்றைக்குச் செய்த அதே வேலை. பழகிய கை.

வால்வுகள் சிவந்தே இருந்தன. ஊசிகள் காத்திருந்தன.

"அக்கா," என்றான் சுரேந்தர். "தெரியாம..."

அந்த நேரத்திலும் பொய். அந்த வார்த்தையின் பாதி அவன் வாயில் இருந்தது. மீதி வலது ஸ்பீக்கரில் முடிந்தது.

தொண்டையைப் பிடித்துக்கொண்டான். கத்தினான். காற்று வந்தது. வெறும் காற்று.

ஸ்பீக்கர் தொண்டையைச் செருமிக்கொண்டது. பிறகு தேன் தடவிய அந்தக் குரலில், நிதானமாகச் சொன்னது. "செத்துப்போச்சுங்க அக்கா. இதுல இனிமே சத்தம் வராது."

கவின்ராஜ் பெட்டியோடு வந்தபோது சுரேந்தர் ஆம்ப்ளிஃபையரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். வருஷக்கணக்காக வைத்திருந்த பொருள், பிரிய மனசில்லை போல என்று கவின்ராஜுக்குப் பாவமாக இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்கிறீர்களா என்றுகூடக் கேட்டான்.

"வேண்டாம் தம்பி, எடுத்துட்டுப் போங்க," என்றது சுரேந்தரின் குரல். சுரேந்தரின் உதடு அசையவில்லை. குனிந்து ஒயரைக் கழற்றிக்கொண்டிருந்த கவின்ராஜ் அதைப் பார்க்கவில்லை.

ஆகட்டுங்கண்ணா என்றான். சுரேந்தரின் விரல்களை ஒவ்வொன்றாக, மரியாதையாக விலக்கினான். பெட்டிக்குள் வைத்து, டேப் ஒட்டி, தூக்கிக்கொண்டுபோய்க் காரின் டிக்கியில் வைத்து மூடினான். சுரேந்தரின் போனில் பணம் வந்த மணி ஒலித்தது. கார் நகர்ந்தது. சுரேந்தர் வெறுங்காலோடு தூறலில் கேட் வரை ஓடினான்.

"ஏன்ரீ, எல்லாம் முடிஞ்சுதா?" அடுக்களையிலிருந்து தாரணி.

வாயைத் திறந்தான். நாக்கு அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்றுமில்லை.

"முடிஞ்சுது தாரணி. டீ போடு." தெருவில் போய்க்கொண்டிருந்த காரின் மூடிய டிக்கிக்குள்ளிருந்து வந்தது பதில்.

சரிரீ என்று அவள் அடுப்பைப் பற்றவைத்தாள்.

கார் தெருமுனைக்குப் போய், திரும்புவதற்காக நின்றது. டிக்கிக்குள் அவன் குரலுக்குப் பக்கத்தில், மெல்ல, ஒரு பாயை விரிக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அந்தக் குரலில் தேன் இல்லை. தாரணி, தாரணி என்று அலற ஆரம்பித்தது. அடுக்களையில் தாரணி குழாயைத் திறந்துவிட்டிருந்தாள். கார் வளைந்து கொள்ளேகால் பக்கம் போனது. வாயை முழுக்கத் திறந்தபடி, சத்தமில்லாமல் அலறிக்கொண்டு சுரேந்தர் கேட்டைப் பிடித்து நின்றான். தூறல் அவன் வாய்க்குள் விழுந்துகொண்டிருந்தது.