இன்னும் நான்கு மணி நேரம்

முன் இருக்கையின் முதுகிலிருந்த திரை மறுபடியும் அதையே காட்டியது: இறங்க இன்னும் நான்கு மணி நேரம். சாப்பாட்டுத் தட்டைக் கொடுத்து, திரும்ப எடுத்துக்கொண்டும் போய்விட்டார்கள். பக்கத்து இருக்கைக்காரர் போர்வையைத் தலை வரைக்கும் இழுத்து மூடித் தூங்கிப்போனார். திரையிலிருந்த குட்டி விமானம் மட்டும் புறப்பட்ட ஊரின் மேலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

விமான டிக்கெட் விற்றுப் பிழைப்பவன் துரை. இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே இரண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர், நான்கு மணி நேரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். சொல்வதோடு சரி, போகமாட்டான். அம்மா படுத்த படுக்கையாகி இரண்டு வருடம். அந்த அறையின் தைல வாடையும் மூத்திர வாடையும் அவனுக்கு ஆகாது.

நேற்று அக்கா கூப்பிட்டாள். "உன்னைப் பார்க்காம உயிர் போகமாட்டேங்குதுடா. எப்ப வர்ற?" போனை அம்மாவின் காதில் வைத்தாள். அவன் அலுவலகக் கணினியில் விமான நிலைய அறிவிப்பு ஒன்றைச் சத்தமாக ஓடவிட்டான். "ஏறிட்டேம்மா. நாலே மணி நேரம்" என்றான். பிறகு அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டான்.

அம்மா விடிய விடிய வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்து, அப்படியே போய்விட்டாள். "மூடிவிட்டாலும் கண்ணு திறந்துக்குதுடா" என்று அழுதாள் அக்கா. "சாயங்காலம் எடுத்துடுவாங்க. முகத்தையாவது பார்க்க வா." அந்த முகத்துக்காகத்தான் இப்போது பறக்கிறான்.

பணிப்பெண்ணை அழைத்துத் திரையைக் காட்டினான். "இது ரிப்பேரா?"

அவள் குனிந்து பார்த்தாள். "சரியாத்தானே சார் காட்டுது?"

ஜன்னலுக்கு வெளியே, இறக்கையின் நுனியில் விழுந்திருந்த வெயில் ஏறியபோது இருந்த இடத்திலேயே இருந்தது. என்ஜினின் இரைச்சல் மெல்ல மெல்லத் தேய்ந்து, யாரோ இழுத்து இழுத்து மூச்சு விடுவதுபோல் ஆனது. பக்கத்திலிருந்துதான் வந்தது. கூடவே ஒரு வாடை.

தைலம்.

போர்வை அசைந்தது.

"ஏறிட்டியாடா?"

எழப் பார்த்தான். இடுப்புப் பட்டை கழலவில்லை. கத்தினான். யாரும் திரும்பவில்லை. போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. ஊசி குத்திக் குத்திக் கறுத்த கை. அவன் மணிக்கட்டைப் பிடித்தது. சில்லென்று.

"இன்னும் எவ்வளவு நேரம்?"

மன்னித்துவிடும்மா என்று சொல்லத்தான் வாயெடுத்தான். "நாலே மணி நேரம்மா" என்றுதான் வந்தது.

"சரி. சேர்ந்தே காத்திருப்போம்."

போர்வை சரிந்தது. திறந்த கண்கள். திரையையே பார்த்துக்கொண்டிருந்தன.

அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

இமைகள் தாமாகத் திறந்துகொண்டன.