முன்கேள்வி

சிம்மக்கல்லில் சாலையைக் கடக்க இறங்கிய சோலைராஜ் கையை நன்றாக நீட்டித்தான் காட்டினான். மதுரையில் ஸ்டியரிங் பிடித்து ஓட்டுகிற ஆளே இல்லாமல் போய் ஒரு தலைமுறை ஆகியும் கை காட்டுகிற வழக்கம் மட்டும் போகவில்லை. இந்த ஊரில் ஓட வேண்டுமென்றால் நீட்டிய கைக்கு நின்றாக வேண்டும் என்று தானூர்திகளுக்கும் கற்றுக்கொடுத்திருந்தார்கள். சாலையில் வந்த வண்டிகள் எல்லாம் நின்றன. காய்கறி இறக்கிவிட்டுப் பின்னோக்கி வந்த ஒரு வண்டி மட்டும் நிற்காமல் அவன் தொடையில் ஏறியது.

அவன் மனைவி மங்கையர்க்கரசி, எல்லோருக்கும் அரசி, வேலை பார்த்தது நகர ஊர்தி மையத்தில். அந்த வண்டிகளுக்கு நிரல் எழுதுவதுதான் அவள் பிழைப்பு. அறுவை அறைக்கு வெளியே உட்கார்ந்து அழுது முடித்தவள், மடிக்கணினியை எடுத்து அந்த வண்டியின் நிரலைத் திறந்தாள்.

தானூர்தி எப்போதும் ஏதாவது ஒரு நிலையில்தான் இருக்கும். ஓடும் நிலை, திரும்பும் நிலை, பின்நகர் நிலை, அவசர நிலை என்று இன்னும் சில சேர்த்து மொத்தம் எட்டு. எட்டையும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் எழுதியிருந்தார்கள். ‘கை தெரிந்தால் நில்’ என்ற நிபந்தனையை அவரவர் நிலைக்குள் நகலெடுத்து ஒட்டியிருந்தார்கள். பிற்பாடு எவரோ ஓடும் நிலையில் ‘எந்தப் பக்கத்துக் கையானாலும்’ என்று திருத்திவிட்டு, பின்நகர் நிலையின் நகலில் திருத்த மறந்துவிட்டார். அது இன்னமும் முன்பக்கத்துக் கையை மட்டுமே தேடிக்கொண்டிருந்தது. பின்னால் போகிற வண்டி முன்னால் பார்க்கிறது! அரசி உடனே மையத்துக்குப் போன் போட்டாள்.

மையத்தின் மூத்த நிரலர் நசீர் சமாதானம் சொன்னார். “அந்த ஒரு வரிய மட்டும் திருத்திட்டு வீட்டுக்காரரப் போய்ப் பாரும்மா. ரெண்டு நிமிச வேலை.”

“இன்னைக்கு இந்த வரி. நாளைக்கு எவனாச்சும் வேற ஒரு நகல மறந்துருவான். அடிபடுறவன் வேற ஒருத்தியோட புருசனா இருப்பான். ஒரே பேச்ச எதுக்குண்ணே எட்டு எடத்துல பேசணும்?”

“எட்டையும் பிரிச்சு மேய்றதுன்னா நாக்கு தள்ளிரும்மா.”

“தள்ளட்டும்.”

தள்ளத்தான் செய்தது. பகலில் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே, பிறகு மையத்தில் என்று அவள் விடாப்பிடியாக உட்கார்ந்தாள். எட்டு நகலையும் பிடுங்கி எறிந்துவிட்டு எல்லா நிலைகளுக்கும் வெளியே ஒரே ஒரு கேள்வியை நட்டாள். அதற்கு முன்கேள்வி என்று பெயர் வைத்தாள். வண்டி என்ன நிலையில் இருந்தாலும், எந்த நிலைக்கு மாற நினைத்தாலும், முதலில் அதைக் கேட்டாக வேண்டும்: கை தெரிகிறதா? தெரிந்தால் நில். இல்லையென்றால்தான் மற்ற பேச்சு.

“அவசர நிலையில பழைய வரி வேற மாதிரி இருக்கே,” என்றார் நசீர். “கை காட்டினா ஹாரன் அடிச்சு வெலகச் சொல்லும், நிக்காது. அதையுமா எடுக்கணும்?”

“ஆம்புலன்ஸ் ஏறினா மட்டும் வலிக்காதா? எடுங்க.”

மேலிடத்திலிருந்து மந்திரி வண்டிகளுக்கு விலக்குக் கேட்டு ஆள் வந்தது. தண்ணீர் லாரிச் சங்கம் ஒரு மனுவோடு வந்தது. ஒருவருக்கு ஒரு வரி சேர்த்தால் அடுத்தவருக்கு இல்லை என்று சொல்ல முடியாது, மறுபடி எட்டு இடத்தில் எட்டுப் பேச்சு என்று இரண்டு பேரையும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

முன்கேள்வி ஊர் முழுக்க வண்டிகளில் ஏறிய அன்று, ஊன்றுகோலோடு வீடு திரும்பிய சோலைராஜைத் தெருமுனைக்கு அழைத்துப் போனாள். ஒரு சரக்கு வண்டி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. அவன் கையைத் தூக்காமல் ஓரமாக ஒதுங்கினான்.

“காட்டுங்க. நான் இருக்கேன்ல?”

காட்டினான். வண்டி கட்டிப்போட்ட மாதிரி நின்றது. அவன் அழுதுகொண்டே சிரித்தான், அவளும்தான். ஊரும் சும்மா இருக்குமா? பிள்ளைகள் கையை நீட்டி நீட்டி மந்திரியின் வண்டியையே இரண்டு முறை நிறுத்திப் பார்த்தார்கள்.

அந்த வாரமே சோலைராஜுக்கு மூச்சு அடைத்தது. அடிபட்ட காலில் கட்டியிருந்த ரத்தம் நுரையீரலுக்கு ஏறிவிட்டதாகவும், உடனே கரைக்காவிட்டால் கஷ்டம் என்றும் ஆம்புலன்ஸில் வந்த செவிலிப் பெண் சொன்னாள். முகமூடிக்குள் அவன் உதடு கறுத்துக்கொண்டு வந்தது. அரசி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். சைரன் ஊளையிட, செல்லூர் சந்தியை நோக்கி வண்டி பறந்தது.

சந்தியில் டீக்கடைக்காரர் ஒருவர் ஓடிவந்து சாலை நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தார். “ஆம்புலன்ஸ் வருதப்பா! நில்லு, நில்லு!” பூக்கட்டுகிற பெண் ஒருத்தி இன்னொரு பக்கத்து வண்டிகளை மறித்தாள். குறுக்கே வந்தவை எல்லாம் நின்றன. வழி அழகாகத் திறந்தது.

ஆம்புலன்ஸும் நின்றது.

“கை தெரிகிறது. காத்திருக்கிறேன்,” என்றது வண்டி, பணிவாக.

“இந்த வாரம் பூரா இப்படித்தான்க்கா,” என்றாள் செவிலி. “சனங்க நல்லது பண்றோம்னு நெனச்சு நிக்கிறாக. எவன் இப்படி மாத்துனான்னு தெரியல.”

அரசி பின்கதவைத் திறந்து தலையை நீட்டிக் கத்தினாள். “கைய எறக்குங்க! எறக்குங்கய்யா!” சைரனில் எதுவும் கேட்கவில்லை. பாவம், வழி கேட்டுக் கெஞ்சுகிறாள் என்று நினைத்து இன்னும் நாலு பேர் சாலையில் இறங்கிக் கை விரித்தார்கள். அவள் விலகச் சொல்லித் தன் கையை வீசினாள். வண்டி அதையும் பார்த்தது. “கை தெரிகிறது. காத்திருக்கிறேன்.”

நசீரை அழைத்தாள். “அண்ணே, இந்த வண்டிய மட்டும் விடச் சொல்லுங்க!”

“இந்த வண்டிக்குன்னு தனி வரி இல்லியேம்மா, எல்லாத்தையும் எடுத்துட்டோமே. இப்ப என்னால முடிஞ்சது முன்கேள்விய அணைக்கிறது ஒண்ணுதான். அணைச்சா ஊர்ல எந்த வண்டியும் எந்தக் கைக்கும் நிக்காது.” விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. “சொல்லும்மா. அணைச்சுரவா?”

அரசி வெளியே பார்த்தாள். டீக்கடைக்காரரின் முதுகுக்கு ஒரு முழம் தள்ளி ஒரு சரக்கு வண்டி உறுமிக்கொண்டு நின்றது. மறுபக்கத்து வண்டிகளுக்கு முன்னால் பூக்காரப் பெண், இன்னும் யார் யாரோ. எல்லோரும் அவள் எழுதிய ஒரு வரியை நம்பி, அவள் புருஷனுக்காக நின்றுகொண்டிருந்தார்கள்.

“வேணாம்ண்ணே,” என்றாள்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குதித்தாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு டீக்கடைக்காரரிடம் ஓடி, காதில் வாயை வைத்துக் கத்தினாள். அவருக்குப் புரிய நேரமானது. புரிந்ததும் பதறிப்போய்க் கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மற்றவர்களைப் பார்த்துக் கத்தத் தொடங்கினார். ஒவ்வொரு கையாக இறங்கியது; ஆட்கள் ஓரத்துக்கு ஒதுங்கினார்கள்.

ஆம்புலன்ஸ் நகர்ந்தது. கையைப் பின்னால் கட்டியபடியே, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, அரசி அதற்கு முன்னால் ஓடினாள்.

சைரன் சத்தம் கேட்டு, அடுத்த சந்தியான கோரிப்பாளையத்தில் நல்லவர்கள் அதற்குள் சாலையில் இறங்கிவிட்டிருந்தார்கள்.